கடிதத்துக்குத் தலையாட்ட முடியாது

ஜூன் 4

பெரியவள் அப்பாவுக்கு,

நலமாக வந்து சேர்ந்தேன். ரயிலில் எதிரே உட்கார்ந்த அம்மா இறங்கும் வரை தன் மருமகளைத் திட்டிக்கொண்டே வந்ததால் நேரம் போனதே தெரியவில்லை. பெரியவள் தேறிவிட்டாள், தையல் போட்ட இடம் மட்டும் இழுக்கிறதாம். பேத்தி மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு, அழுகை முப்பது கிலோ. பிறந்த மறுநாளே காதைச் சோதித்துவிட்டார்களாம், இரண்டும் நன்றாகக் கேட்கிறது. "அப்பாகிட்ட இதை எழுதாதேம்மா, மனசு கஷ்டப்படுவார்" என்றாள் உங்கள் மகள். உங்கள் காது முப்பது வருஷம் பஸ் கூடு கட்டும் பட்டறையில் தகரம் தட்டித் தட்டிப் போனது, அது ஒன்றும் பரம்பரைச் சொத்து இல்லை என்று சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறேன்.

கைபேசி இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் பேசினால் உங்களுக்குக் கேட்காது. செய்தி அனுப்பினால், எதை அனுப்பினாலும் ஒரு கட்டைவிரல் பொம்மை திரும்பி வருகிறது. "சாப்பிட்டீங்களா" என்றால் கட்டைவிரல். "சாப்பாடு என்ன" என்றாலும் கட்டைவிரல். நேரில் தலையாட்டுவதைத்தான் அங்கே விரலால் செய்கிறீர்கள். கடிதத்துக்குத் தலையாட்ட முடியாது. உட்கார்ந்து நாலு வரி எழுதித்தான் ஆக வேண்டும்.

வாசல் மணியோடு சேர்த்துக் கூடத்தில் மாட்டிய சிவப்பு விளக்கு எரிகிறதா என்று காலையில் ஒரு தடவை அழுத்திப் பாருங்கள். உங்கள் நாலு சட்டையிலும் பையில் ஓர் அட்டை வைத்திருக்கிறேன். "எனக்குக் காது கேட்காது. முகத்தைப் பார்த்து மெதுவாகப் பேசுங்கள்" என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறது. கௌரவம் பார்க்காமல் எடுத்துக் காட்டுங்கள். பட்டறையில் உங்களுக்கு 'ஆமாஞ்சாமி' என்று பெயர் வைத்ததே யார் எது சொன்னாலும் தலையை ஆட்டிவிட்டுச் சிரிப்பதால்தானே. ஊரை ஏமாற்றலாம், என்னை முடியாது. நிஜமாகக் கேட்டால் ஒரே ஒரு தடவை ஆட்டுவீர்கள், சிரிக்க மாட்டீர்கள். கேட்கவில்லை என்றால் மூன்று தடவை ஆட்டுவீர்கள், கூடவே ஒரு சிரிப்பு. இந்த வித்தியாசம் எனக்கு மட்டும்தான் தெரியும். இப்போது நான் அங்கே இல்லை, ஜாக்கிரதை.

இப்படிக்கு,
பெரியவள் அம்மா


ஜூன் 15

அன்புள்ள எக்ஸ்சேஞ்சு அம்மாவுக்கு,

உன் கடிதத்துக்கு நிஜமாகவே தலையாட்டிப் பார்த்தேன். அது பாட்டுக்கு மேஜையில் கிடந்தது. ஆகவே எழுதுகிறேன். பேத்திக்குக் காது கேட்கிறது என்பதில் எனக்கு என்ன வருத்தம்? அவள் அம்மா பாடும் தாலாட்டைக் கேட்க வேண்டியிருக்கிறதே என்றுதான் வருத்தம்.

நீ போன வாரமே என் மீசை போய்விட்டது. முடி வெட்டப் போனேன். கடைக்காரர் கத்தரியைக் கையில் வைத்துக்கொண்டு என் பின்னால் நின்று ஏதோ கேட்டார். நான் ஆட்டினேன். "மீசையையும் எடுத்துடவா" என்று கேட்டிருக்கிறார் போல. பாதி போன பிறகு நிறுத்தச் சொல்லி என்ன பிரயோஜனம்? கண்ணாடியில் என் அண்ணன் மாதிரி ஒருத்தர் இருக்கிறார். மூன்று நாள் வெளியே போகவில்லை.

நாலாவது நாள் காதுக் கருவிக்கு பேட்டரி வாங்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே காது சோதிக்கும் ஓர் அம்மா இருக்கிறார், நம் பெரியவள் வயதுதான் இருக்கும். எதிரே உட்கார்ந்து ஏதோ கேட்டார். கேட்கும்போது ஒரு காகிதத்தால் வாயை மறைத்துக்கொண்டார். நான் வழக்கம்போல ஆட்டினேன். அவர் அந்தக் காகிதத்தைத் திருப்பிக் காட்டினார். "உங்க வீட்ல யானை வளர்க்கறீங்களா?" என்று எழுதியிருந்தது. நான் ஆமாம் என்று சொல்லியிருக்கிறேன்! முதலில் சிரித்தேன். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. "எத்தனை வருஷமா இப்படி?" என்று கேட்டார், வாயைத் திறந்து, நிதானமாக. எனக்குக் கணக்கு தெரியவில்லை. சனிக்கிழமைதோறும் காது மந்தமானவர்களுக்கு வகுப்பு எடுக்கிறாராம். ஏழு பேர் வருகிறோம். யானை டீச்சர் என்று பெயர் வைத்திருக்கிறேன், அவருக்கும் தெரியும்.

வீடு நன்றாக இருக்கிறது. சிவப்பு விளக்கு எரிகிறது. தண்ணீர் மோட்டார் ஓடுகிறதா என்று சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துக்கொள்கிறேன், பட்டறையில் ஆணி இறுகிவிட்டதா என்று தகட்டில் கை வைத்துப் பார்ப்பது மாதிரி. காதை விட அது நம்பகம். நீ இல்லாத தைரியத்தில் டீத்தூள் வாங்கினேன். எட்டு வருஷமாக நம் வீட்டில் டீயே கிடையாது, கேட்டால் வாயு என்பாய். எனக்கு ஒரு வாயுவும் வரவில்லை.

இப்படிக்கு,
மீசை இல்லாத ஆமாஞ்சாமி


ஜூன் 26

பெரியவள் அப்பாவுக்கு,

மீசை விஷயத்தை மாப்பிள்ளைக்குப் படித்துக் காட்டினேன். சிரித்துச் சிரித்து அவருக்குப் புரையேறிவிட்டது. யானை டீச்சருக்கு என் நமஸ்காரம். நான் இருபது வருஷம் சொல்லி ஏறாதது அவர் ஒரு காகிதத்தில் ஏற்றிவிட்டார்.

ஆனால் மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் வீட்டில் இருந்தவள் ஒன்றுமே செய்யாதது போலத் தோன்றும். பால்காரர், பக்கத்து வீடு, பேங்க், உங்கள் தம்பி, எல்லார் பேச்சையும் கேட்டு உங்களுக்குச் சொன்னது யார்? காலை முதல் மாலை வரை ஆபீஸில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் இணைப்புக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து உங்களுக்கும் கொடுத்தேன். எனக்கு வாய் வலிக்காதா? அதனால் சுருக்கிச் சொன்னேன். அரை மணி நேரம் பேசியதை ஒரு வரியில் சொன்னேன். அது குற்றமா?

டீத்தூள் வீட்டுக்குள் வந்தது எனக்குப் பிடிக்கவில்லை. முடிந்ததும் டப்பாவைக் கழுவிக் கவிழ்த்துவிடுங்கள்.

பெரியவள் வேலைக்குத் திரும்பப் போகிறாள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. டிசம்பர் வரையாவது இருக்கச் சொல்கிறாள். அதற்கு மேலும் இருக்கலாம். நீங்கள்தான் தனியாகச் சமாளிக்கக் கற்றுக்கொண்டுவிட்டீர்களே.

பெரியவள் அம்மா


ஜூலை 8

அன்புள்ள எக்ஸ்சேஞ்சு அம்மாவுக்கு,

கோபித்துக்கொள்ளாதே. நீ செய்ததை நான் ஒரு நாளும் மறுத்ததில்லை. நீ இல்லாவிட்டால் நான் எப்போதோ ஏதாவது லாரிக்கு முன்னால் சிரித்துக்கொண்டே நின்றிருப்பேன். டிசம்பர் வரை என்று நீ எழுதிய இடத்தை மட்டும் இரண்டு தடவை படித்தேன். அதற்கு மேலும் என்று எழுதியதை ஒரு தடவைதான் படித்தேன்.

போன சனிக்கிழமை யானை டீச்சர் எங்களை விட்டுவிட்டு எங்கள் வீட்டுக்காரர்களைப் பிடித்துக்கொண்டார். யாராவது ஒருத்தரைக் கூட்டி வரச் சொல்லியிருந்தார். நான் மட்டும் தனியாள். உனக்காக நானே கேட்டுக்கொண்டு வந்தேன். அடுப்பைப் பார்த்துக்கொண்டு பேசக் கூடாதாம். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றால் முகம் இருட்டாகிவிடும், வெளிச்சம் முகத்தில் விழ வேண்டுமாம். தோளைத் தொட்டுவிட்டு ஆரம்பிக்க வேண்டும். கத்தக் கூடாது, கத்தினால் வாய் கோணிக்கொள்கிறது, உதடு பிடிபடாது. ஒரு தடவை புரியாவிட்டால் அதையே திரும்பத் திரும்பச் சொல்லாமல் வேறு வார்த்தையில் சொல்லிப் பார்க்க வேண்டும், அதுவும் முடியாவிட்டால் எழுத வேண்டும். சுருக்கவே கூடாது. கடைசியாக ஒன்று சொன்னார், அப்போது வகுப்பில் இருந்த அத்தனை செவிடும் நிமிர்ந்து உட்கார்ந்தது. "என்ன சொன்னாங்க?"ன்னு அவர் கேட்டா "ஒண்ணுமில்ல"ன்னு மட்டும் சொல்லாதீங்க என்றார். எல்லாரும் சிரித்துக்கொண்டிருக்கும்போது நான் உன் கையைத் தட்டி என்ன என்று கேட்பேன், நீ ஒண்ணுமில்ல என்பாய். எனக்கு அது எப்படி இருக்கும் என்று உன்னிடம் சொன்னதே இல்லை. சாப்பாட்டு மேஜையில் எனக்கு மட்டும் தட்டு வைக்காதது மாதிரி இருக்கும்.

எங்களுக்கும் வீட்டுப்பாடம் உண்டு. கேட்காமல் ஆட்டிய தலைகளை ஒரு நோட்டில் எழுத வேண்டும். உயிரோடு இருக்கிறவர்களிடம் போய், "அன்னைக்கு எனக்குக் கேட்கல, மறுபடி சொல்லுங்க" என்று கேட்க வேண்டும். நாற்பது எழுதியிருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர் தன் ஸ்கூட்டரை நம் வாசலிலேயே நிறுத்துகிறாரே என்று மூன்று வருஷமாகப் பொருமினேன். போய்க் கேட்டால், நான்தான் சரி என்றேனாம். பட்டறை மேஸ்திரியைப் பார்த்தேன். நான் ஓய்வு பெற்ற அன்று அவர் என்னை மேடையில் நாலு வார்த்தை பேசக் கூப்பிட்டாராம். நான் தலையை ஆட்டிச் சிரித்துவிட்டு உட்கார்ந்தே இருந்தேனாம். அகம்பாவம் என்று நினைத்திருக்கிறார்.

நாற்பத்தொன்றாவது உன்னுடையது. எழுதிவிட்டு அடித்தேன், அடித்துவிட்டு எழுதினேன். எட்டு வருஷம் முன்பு நம் சின்னவன் தலையில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் கிடந்த ஒன்பதாவது நாள். நான் நடைவழி பெஞ்சில் இருந்தேன். நீ உள்ளேயிருந்து வந்தாய். வாயில் அந்த நீல முகமூடி, கண் மட்டும் தெரிந்தது. ஏதோ கேட்டாய். உதடு தெரியாமல் எனக்கு என்ன புரியும்? காலையிலிருந்து நீ பச்சைத் தண்ணீர் கூடக் குடிக்கவில்லை, டீ வாங்கி வரச் சொல்கிறாய் என்று நினைத்து ஆட்டிவிட்டுக் கீழே போனேன். வரிசை பெரிசாக இருந்தது. இரண்டு டீ வாங்கிக்கொண்டு ஏறி வந்தபோது அவன் முகத்தை மூடிவிட்டிருந்தார்கள்.

எட்டு வருஷமாக எனக்கு ஒரு குறை உண்டு. உயிர் போகிற மாதிரி இருந்தபோது நீ ஏன் ஓர் ஆளை அனுப்பி என்னைக் கூப்பிடவில்லை? கேட்டால் நீ அழுவாய் என்று விட்டுவிட்டேன். அதை இப்போதும் கேட்கவில்லை. பாடத்தை மட்டும் கேட்கிறேன். அன்றைக்கு என்னிடம் என்ன கேட்டாய்? டீதானே?

இப்படிக்கு,
ஆமாஞ்சாமி


ஜூலை 29

அன்புள்ள பெரியவள் அம்மாவுக்கு,

மூன்று வாரமாகப் பதில் இல்லை. பேத்திக்கு உடம்பு சரியில்லையா? மாப்பிள்ளைக்குச் செய்தி அனுப்பினேன், எல்லாரும் சௌக்கியம் என்றார். கட்டைவிரல் போடவில்லை, "நன்றி" என்று எழுதினேன். தபால் தவறியிருந்தால் சொல். மறுபடி எழுதுகிறேன்.

ஆ.சாமி


ஆகஸ்ட் 3

பெரியவள் அப்பாவுக்கு,

கடிதம் வந்தது. தபால் தவறவில்லை. குழந்தைக்குத் தடுப்பூசி போட்டதில் இரண்டு நாள் காய்ச்சல், அதனால் எழுத முடியவில்லை.

நான் அன்றைக்குக் கேட்டது டீதான். ஒண்ணுமில்ல. அந்தப் பேச்சை விட்டுவிடுங்கள்.

பெரியவள் அம்மா


ஆகஸ்ட் 11

அன்புள்ள பெரியவள் அம்மாவுக்கு,

ஒண்ணுமில்ல என்று எழுதியிருக்கிறாய். சொல்லக் கேட்டிருக்கிறேன், அதாவது உதட்டில் பார்த்திருக்கிறேன். எழுத்தில் இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

எனக்குக் காதுதான் இல்லை. அன்றைக்கு நான் இரண்டு டம்ளரோடு வந்து நின்றபோது நீ என்னைப் பார்த்தாய். டீ கேட்டவள் அப்படிப் பார்க்க மாட்டாள். அதற்கு அப்புறம் நம் வீட்டில் டீ இல்லை. அதற்கு முன்பு நீ என்னை 'சின்னவன் அப்பா' என்றுதான் எழுதுவாய், கூப்பிடுவாய். அதுவும் அன்றோடு நின்றது. துக்கத்தில் நிறுத்திவிட்டாய் என்று நினைத்தேன். நோட்டைப் புரட்டும்போது அது துக்கம் மட்டும்தானா என்று சந்தேகம் வருகிறது.

நாற்பது பேரிடம் போய் வெட்கத்தை விட்டுக் கேட்டுவிட்டேன். பதில் சொல்லாதவள் நீ ஒருத்திதான். எதுவாக இருந்தாலும் எழுது. சுருக்காதே.

ஆமாஞ்சாமி


ஆகஸ்ட் 30

சின்னவன் அப்பாவுக்கு,

எழுதுகிறேன். பெரியவள் வேலைக்குப் போயிருக்கிறாள், குழந்தை தூங்குகிறது. எழுந்தால் நிறுத்திவிட்டு மறுபடி எழுதுவேன்.

அன்றைக்குக் காலை பதினோரு மணி இருக்கும். பெரிய டாக்டர் என்னை உள்ளே கூப்பிட்டார். "அப்பாவும் வரட்டுமே" என்றார். "அவருக்குக் காது கேட்காது, நான் சொல்லிக்கறேன்" என்றேன். பழக்கம். வாயில் வந்துவிட்டது. டாக்டர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், எட்டு வருஷத்தில் ஒரு சொல் கூட எனக்கு மறக்கவில்லை.

"அம்மா, ரெண்டு தடவை சோதிச்சுப் பார்த்துட்டோம். தலையில அடிபட்டதுல மூளை வேலை செய்யறது மொத்தமா நின்னு போச்சு. இனிமே திரும்பாது. நெஞ்சு ஏறி இறங்கறது மூச்சு மிஷினால மட்டும்தான். அதை எடுத்தா கொஞ்ச நேரத்துல இதயமும் நின்னுடும். அவனுக்கு வலி தெரியாது. இப்பவே சொல்லணும்னு அவசரம் இல்ல. வீட்டுல எல்லாரும் பேசுங்க. எல்லாரும் உள்ள வந்து, தொட்டுப் பார்த்து, எவ்வளவு நேரம் வேணும்னாலும் இருங்க. அப்புறம் சொல்லுங்க."

கடைசியில் சொன்னதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. பெரியவளிடம் கூட.

வெளியே வந்தேன். நீங்கள் பெஞ்சில் இருந்தீர்கள். "மிஷினை எடுத்துடச் சொல்லவா?" என்று கேட்டேன். அவ்வளவுதான். அரை மணி நேரப் பேச்சை ஒரு வரியாக்கி உங்களிடம் தந்தேன், எப்போதும் போல. நீங்கள் ஆட்டினீர்கள். ஆட்டிவிட்டு எழுந்து படி இறங்கிப் போனீர்கள். நான் உள்ளே போய், "அவரும் சரின்னுட்டார்" என்று கையெழுத்துப் போட்டேன். "அப்பா எங்கே?" என்று கேட்டார்கள். "அவரால பார்க்க முடியாது, கீழே போயிட்டார்" என்றேன். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன். ஒருத்தியாக நின்று அவன் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன். இருபது நிமிஷம் ஆனது. அப்புறம் நீங்கள் இரண்டு டம்ளர் டீயோடு வந்தீர்கள்.

பிள்ளையை அனுப்பச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போன மனுஷன் என்று எட்டு வருஷம் உங்களை வெறுத்தேன். உங்களுக்குச் சோறு போட்டேன், துணி துவைத்தேன், ஊர்ப் பேச்சையெல்லாம் கேட்டுச் சொன்னேன், எல்லாவற்றையும் வெறுத்துக்கொண்டே செய்தேன். பேத்தி பிறந்ததும் கிளம்பி வந்ததற்கு அதுவும் காரணம். திரும்பி வர வேண்டாம் என்றுகூட நினைத்திருந்தேன்.

உங்கள் ஜூலைக் கடிதத்தைப் படித்த அன்று வெறுப்பு போய்விட்டது. அது போனதும் அதற்கு அடியில் வேறொன்று இருந்தது. மூன்று வாரம் எழுதாமல் இருந்தது அதனால்தான். காய்ச்சல் குழந்தைக்கு இல்லை.

அன்றைக்கு நீங்கள் மூன்று தடவை ஆட்டினீர்கள். கூடவே சிரித்தீர்கள்.

எனக்குத் தெரியும். பார்த்த நிமிஷமே தெரியும். உங்களுக்குக் கேட்கவில்லை. முகமூடியைக் கழற்றிவிட்டு, தோளைத் தொட்டு, மறுபடி ஒரு தடவை கேட்டிருக்க வேண்டும். ஒரு சீட்டில் எழுதிக் காட்டியிருக்கலாம், என் பையில் பேனா இருந்தது. நான் கேட்கவில்லை. மறுபடி கேட்டால் நீங்கள் "வேண்டாம், இருக்கட்டும்" என்று சொல்லிவிடுவீர்களோ என்று பயமாக இருந்தது. அந்த மிஷின் மூச்சு விடும் சத்தம் உங்களுக்குக் கேட்கவில்லை. நான் ஒன்பது நாள் கேட்டேன். இழுத்து, நிறுத்தி, விட்டு, மறுபடி இழுத்து. இன்னும் ஒரு மணி நேரம் அதைக் கேட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போல இருந்தது. எனக்கு ஒரு தலையாட்டல் வேண்டியிருந்தது. நீங்கள் எது கொடுத்தீர்களோ அதை வாங்கிக்கொண்டேன்.

அப்புறம், நீங்கள் கேட்டுத்தான் ஆட்டினீர்கள் என்று நானே நம்ப ஆரம்பித்தேன். நம்பினால்தானே உங்களை வெறுக்க முடியும்.

சுருக்காமல் எழுதிவிட்டேன். குழந்தை எழுந்துவிட்டாள்.

சின்னவன் அம்மா


அக்டோபர் 5

சின்னவன் அம்மாவுக்கு,

உன் கடிதம் வந்து ஐந்து வாரம் ஆகிறது. நாலு தடவை எழுத உட்கார்ந்தேன். சனிக்கிழமை வகுப்புக்கு இரண்டு வாரம் போகவில்லை. யானை டீச்சர் வீட்டுக்கே வந்துவிட்டார். சிவப்பு விளக்கு எரிந்தது, போய்த் திறந்தேன். "நாற்பத்தொண்ணாவது என்ன ஆச்சு?" என்று கேட்டார். பதில் வந்துவிட்டது என்றேன். உட்கார்ந்து ஒரு டீ குடித்துவிட்டுப் போனார்.

உன் கேள்வி எட்டு வருஷம் கழித்து வந்து சேர்ந்திருக்கிறது. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும் இல்லையா?

சரி. எடுத்துடச் சொல்லு.

இது உன்னைத் தேற்ற எழுதுவது இல்லை. டாக்டர் சொன்னதை முழுசாகப் படித்தேன், திரும்பத் திரும்பப் படித்தேன். அன்றைக்கே எனக்கு யாராவது அதை எழுதிக் காட்டியிருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். அந்த மாதிரி அவனைக் கிடத்தி வைத்திருக்க எனக்கும் மனசு வந்திருக்காது. முடிவில் தப்பு இல்லை. அதை நீ ஒருத்தி சுமக்க வேண்டாம், பாதியை நான் இன்றைக்கு வாங்கிக்கொண்டேன்.

ஆனால் பெஞ்சில் உட்கார்ந்தபடி சொல்லியிருக்க மாட்டேன். உள்ளே வந்திருப்பேன். அவன் நெஞ்சில் கை வைத்திருப்பேன். மோட்டாரையும் தகட்டையும் கையால்தானே நான் கேட்கிறேன், அவனையும் அப்படித்தான் கேட்டேன். குழந்தையாக இருந்தபோது அவன் அழுகிறானா என்று தெரியாமல் தொட்டிலில் கை வைத்தபடியே உட்கார்ந்திருப்பேன், உனக்கு ஞாபகம் இருக்கும். கடைசித் துடிப்பு என் உள்ளங்கையில் நின்றிருக்கும். அதற்குக் காது வேண்டியதில்லை. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருக்கலாம் என்று அந்த மனுஷர் சொல்லியிருக்கிறார். அந்த நேரத்தில் நான் வரிசையில் நின்று, உனக்குச் சர்க்கரை குறைவாகப் போடச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

தலையை ஆட்டியது நான். அதை மறுக்கவில்லை. கேட்கவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, ஆஸ்பத்திரியில் பிள்ளை கிடக்கும்போது கூடச் சிரித்துச் சமாளித்தவன் நான். என் பங்கு எனக்குத் தெரியும். உன் பங்கு இப்போதுதான் தெரிந்தது. அது என்னால் இன்னும் தூக்க முடியாததாக இருக்கிறது. உனக்கு என் பொய்த் தலையாட்டல் தெரியும் என்று முதல் கடிதத்தில் பெருமையாக எழுதியிருந்தாய். சிரித்துக்கொண்டே படித்தேன்.

கோபமா என்று கேட்டு எழுதாதே. கேட்டால் ஒண்ணுமில்ல என்று எழுதிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. டிசம்பரில் வா என்று சொல்லவும் வரவில்லை, வராதே என்று சொல்லவும் வரவில்லை. பேத்திக்கு என் முத்தம்.

சின்னவன் அப்பா


அக்டோபர் 14

சின்னவன் அப்பாவுக்கு,

கோபமா என்று கேட்கவில்லை. ஆனால் இங்கே உட்கார்ந்து டிசம்பருக்குக் காத்திருக்க என்னால் முடியாது. குழந்தைக்கு ஆள் கிடைத்துவிட்டது. பெரியவளிடம் எல்லாம் சொல்லிவிட்டேன், டாக்டர் கடைசியில் சொன்னதையும் சேர்த்து. அவள் இரண்டு நாளாக என்னோடு சரியாகப் பேசவில்லை. அதுவும் வர வேண்டியதுதான்.

வெள்ளிக்கிழமை காலை வண்டியில் வருகிறேன். ஸ்டேஷனுக்கு வர வேண்டாம். பத்து மணிக்கு வாசல் மணியை அழுத்துவேன், சிவப்பு விளக்கு எரியும். கதவைத் திறந்துவிட்டு நீங்கள் உள்பக்கமே நில்லுங்கள். நான் வெளியே படியில், வெயில் முகத்தில் விழுகிற மாதிரி நிற்பேன். பெட்டியைக் கீழே வைத்துவிடுவேன். உங்கள் தோளைத் தொட்டுவிட்டு, நிதானமாக, வாயைத் திறந்து, "நான் உள்ளே வரலாமா?" என்று கேட்பேன். கேள்வியை முன்னாலேயே எழுதிவிட்டேன், கேட்காமல் போவதற்கு வழி இல்லை.

உடனே பதில் வேண்டியதில்லை. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், நான் படியிலேயே இருக்கிறேன். மாலை நாலு மணிக்குத் திரும்பி வர ஒரு வண்டி இருக்கிறது, விசாரித்து வைத்திருக்கிறேன். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள், நான் அழ மாட்டேன்.

சரி என்றால் ஒரு தடவை ஆட்டுங்கள். மூன்று தடவை ஆட்டினால் நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவேன்.

சின்னவன் அம்மா